கார் சொல்லும் குறியெண்
காரில் எஞ்சின் வடிவ விளக்கு எரிந்தால் நாம் அஞ்சாமல், அது சொல்வதைப் படிக்கக் கற்போம். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களில் ஸ்டீயரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட இணைப்பான் உண்டு. அதில் சிறு கருவியைச் செருகி, சாவியைத் திருப்பினால் குறியெண் தெரியும்.

பி0301 என்று வந்தால்? 'பி' என்பது எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி. 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுக்குறி. 3 எரிபொருள் பற்றுவதில் கோளாறு. 01 முதலாம் சிலிண்டர். காரணம் ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? குறியெண் இடத்தையே காட்டும். காரணத்தை நாம்தான் ஆராய வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே வண்டியை நிறுத்துவோம். எரியாத பெட்ரோல், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியைக் கெடுத்துவிடும். பழுதை நீக்காமல் குறியை மட்டும் அழிப்பது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றதன்றோ!