பதக்கத்தின் பின்பக்கம்

கேள்வி: அருங்காட்சியகங்களில் அரசர் முகம் பொறித்த பழைய ஐரோப்பியப் பதக்கங்களைப் பார்க்கிறேன். இவை கலையா, வெறும் அரசியல் விளம்பரமா?

இரண்டும்தான். முன்பக்க முகத்தைக் கலையாக ரசியுங்கள். அரசியலுக்குப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

1438-இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் இத்தாலிக்கு வந்தபோது, ஓவியர் பிசானெல்லோ அவரை உயரமான தொப்பியோடு பக்கவாட்டில் வடித்தார். துருக்கியருக்கு எதிராக உதவி தேடி வந்தவரின் கவலை தெரிகிறதோ இல்லையோ, உள்ளங்கையளவு வெண்கலத்தில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார். எனக்கு அதற்கு ஈடான பதக்கம் வேறில்லை.

பிரான்சின் பதினான்காம் லூயி பதக்கம் வடிப்பதை அரசுத் துறையாகவே மாற்றினார். பதக்கங்களின் வாசகங்களையும் சின்னங்களையும் வகுக்க, அமைச்சர் கோல்பேர் 1663-இல் அறிஞர் குழு ஒன்றை அமைத்தார். லூயியின் ஆட்சியை 286 பதக்கங்களில் சொல்லும் பெரிய நூல் 1702-இல் அரசு அச்சகத்திலிருந்து வந்தது. புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டுரிமையை அவர் 1685-இல் பறித்ததற்கும் பதக்கம் உண்டு. அதன் லத்தீன் வாசகம், மதபேதம் ஒழிந்தது என்கிறது. நாட்டைவிட்டு ஓடிய லட்சக்கணக்கானோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த முறை கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தால், பின்பக்கத்தின் படம் உண்டா என்று அருங்காட்சியகத்தாரிடம் தயங்காமல் கேளுங்கள்.