ஆமா, இல்லையா என்று கேட்காதே

அன்புள்ள கயல்விழி,

கடிதம் கிடைத்தது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா, ‘ஆமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா’ என்கிறாய். தொலைக்காட்சி விவாதத்தில்தான் இப்படிக் கேட்பார்கள். நீயுமா?

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். இது நீ படித்ததுதான். ஆனால் அங்கிருந்து ‘ஆகவே தாம்பரத்தில் 49 செ.மீ. மழை’ என்று ஒரே தாவாகத் தாவக் கூடாது. நீராவியைக் கரைக்குத் தள்ளிவரக் காற்று வேண்டும். அது மேலெழ வேண்டும். மேகக்கூட்டம் நகராமல் நிற்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் கொட்டியது 94 செ.மீ.; அதே ஊர்க் கொலாபாவில் வெறும் 7. உலகம் சூடானது இரண்டு பேட்டைக்கும் பொதுதானே!

கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தகைய மழைக்கான வாய்ப்பைப் புவி வெப்பம் எவ்வளவு கூட்டியது? கரியமில வாயு பெருகிய உலகையும் பெருகாத உலகையும் கணினியில் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். பழைய மழைப் பதிவுகளையும் அலசுகிறார்கள். சென்னைக்கு 1813 முதல் பதிவு உண்டு. எத்தனை ஊருக்கு வாய்க்கும் இந்தப் பாக்கியம்? மழையை அளப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைத்துவிடாதே. களஞ்சியத்தின் முன் மழைமானி வைக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். அந்தப் பகுதியை எப்போது எடுத்தாலும் நான் வந்த வேலையை மறந்துவிடுவேன்.

சென்னைக்கு வருகிறேன். வான் ஓல்டன்பர்க், பிரெடெரிக்கே ஓட்டோ, டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் முதலானோர் அந்த மழையை ஆராய்ந்தார்கள். வந்த விடை பலருக்கு ருசிக்கவில்லை: அந்த ஒருநாள் மழையில் மனிதன் உண்டாக்கிய வெப்பத்தின் தடயம் தென்படவில்லை. வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய 35 ஆண்டுகளில் சூடாகவே இல்லையாம். நம் ஆலைகளும் வண்டிகளும் கக்கும் புகைத்துகள் வெயிலை மறைத்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். யோசித்துப் பார், ஒரு மாசு இன்னொரு மாசை மூடி மறைத்திருக்கிறது! புகை குறைந்தால் அந்தத் திரையும் விலகும். அதனால்தான் ‘தென்படவில்லை’ என்பதை ‘இல்லவே இல்லை’ என்று படிக்காதே என்று வகுப்பில் தொண்டை வறளக் கத்தினேன்.

மற்ற இடங்களில் தடயம் தெளிவு. 2017-இல் ஹூஸ்டனை நனைத்த ஹார்வி புயல் மழை புவி வெப்பத்தால் சுமார் 15 விழுக்காடு கனத்திருந்தது. 2024 ஜூலையில் வயநாட்டை உருக்குலைத்த மழை சுமார் 10 விழுக்காடு. மத்திய இந்தியாவில் பரவலாகப் பெய்யும் அதிகனமழை 1950-க்கும் 2015-க்கும் இடையில் மும்மடங்கானதை ராக்ஸி மாத்யூ கோல் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அங்கே ஈரத்தை அனுப்புவது அரபிக் கடல்.

இன்னொன்று. சதுப்பு நிலத்தில் மனை போட அனுமதித்தவர்களும் இப்போது ‘காலநிலை மாற்றம்’ என்று கைவிரிக்கிறார்கள். ஏரி வீட்டுமனையானதற்குக் கடல் என்ன செய்யும்?

அடுத்த கடிதத்தில் காயல்பட்டினத்தை எடுத்துக்கொள். 2023 டிசம்பரில் அங்கே 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. காற்று எங்கிருந்து வந்தது, மேகம் ஏன் நகரவில்லை என்பதை முதலில் எழுது. வெப்பம் அப்புறம்.

அன்புடன்,
உன் புவியியல் வாத்தியார்