பட்டியின் வாலில் ஒரு துணித்துண்டு

நறுவிலிக்குளம்,
மாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதமும் ஐந்து படங்களும் கிடைத்தன. ஸ்காபுறோவில் வாங்கிய டட்சன் 240 இசட் காரில் இருக்கும் ஆசனப் பட்டிகள் நிசான் கம்பனி பூட்டியவையா, பிறகு யாரோ மாட்டியவையா என்று கேட்டிருந்தீர். விற்றவர் "எல்லாம் ஒறிஜினல்" என்று சொன்னாராம். விற்கிறவர் வேறென்ன சொல்வார்!

ஐந்து படத்திலும் பெரிதாய்த் தெரிவது கொக்கிதான். கொக்கி பொய் சொல்லும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய கார்ச் சாமான்களுக்கு நடுவே கழித்த வருடங்களில் நான் கற்றது அதுதான். கொக்கியைக் கழற்றலாம், மினுக்கலாம், வேறு பட்டியில் கோக்கலாம். நீர் பார்க்க வேண்டியது பட்டியின் அடி நுனி. தரையில் போல்ட் பூட்டுகிற பக்கம், ஆசனத்துக்குக் கீழே ஒளிந்து கிடக்கும் வால். அங்கேதான் பெரும்பாலும் ஒரு சின்னத் துணித்துண்டு தைத்திருக்கும்.

அது சட்டத்தால் வந்த துணித்துண்டு. 1968 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில் ஆசனப் பட்டி கட்டாயம். பட்டிக்கென்று உள்ள தரவிதியின்படி செய்தவர் பெயர், மாதிரி எண், செய்த ஆண்டு மூன்றும் அழியாதபடி அதில் இருக்க வேண்டும். உமது காரின் சேசிஸ் இலக்கம் எச்.எல்.எஸ்.30 என்று தொடங்குவதால் அது இடப்பக்க ஸ்டியரிங்கோடு வெளிநாட்டுக்கென்று கட்டிய வண்டி; அதிலும் அந்தத் துணித்துண்டு இருக்கலாம். டகாட்டா, என்.எஸ்.கே. வார்னர் போன்ற அந்தக் கால ஜப்பானியப் பெயர் ஏதும் துணியில் இருந்தால் சந்தோஷப்படும், ஆனால் அதோடு நின்றுவிடாதேயும். ஆண்டைப் பாரும். ஓட்டுநர் கதவுத் தூணில் கார் கட்டிய மாதமும் ஆண்டும் பொறித்த தகடு இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாரும். பட்டியின் ஆண்டு காருக்கு ஒன்று முந்தியிருந்தால் பயமில்லை. தை மாதம் கட்டிய காருக்கு, முந்திய வருஷம் நெய்து களஞ்சியத்தில் கிடந்த பட்டி பூட்டப்பட்டிருக்கும். பிந்தியிருந்தால் கதை முடிந்தது.

இனி உமது மூன்றாம் படம். ஓட்டுநர் பக்கத்தில் தோளும் இடுப்பும் ஒரே பட்டியாய், இழுத்தால் சுருளிலிருந்து வருகிறது. கார் 1971 என்கிறீர். அமெரிக்கச் சந்தைக் கார்களில் பிரிக்க முடியாத ஒற்றைப் பட்டி கட்டாயமானது 1974 மாதிரிகளிலிருந்துதான். அதற்கு முன்பு பெரும்பாலும் இடுப்புப் பட்டி தனி, தோள்பட்டி தனி. தோள்பட்டியின் நுனியைக் கொண்டுவந்து இடுப்புப் பூட்டோடு கொளுவ வேண்டும். ஆகவே நீர் மெச்சிய அந்த அழகான பட்டி பிற்காலத்தது.

மனம் சோராதேயும், நாலாம் படத்தைப் பாரும். பயணி பக்கத்தில் இரண்டு தனித்தனிப் பட்டிகள், அழுக்கேறி, சுருண்டு, ஆசனத்துக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில் செருகிக் கிடக்கின்றன. எனக்கு அதில்தான் நம்பிக்கை. ஒன்ராறியோவில் 1976 ஜனவரியிலிருந்தே பட்டி போடாவிட்டால் குற்றம். கனடாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாகாணம் உம்முடையது. எனவே ஓட்டுகிறவரின் பட்டி தேய்ந்து மாறியிருக்கும், பக்கத்து ஆசனத்துக்கு அவ்வளவு வேலை இருந்திராது. இங்கே இலங்கையில் அந்தச் சட்டம் 2011 ஒக்டோபரில்தான் வந்தது. அதனால் நம் ஊர்ப் பழைய டட்சன்களில் பட்டியைச் சீற்றுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடித் திரிந்தார்கள். கழுத்து வேர்வை படாத பட்டிகளை அங்கேயிருந்து நான் இழுத்து எடுத்திருக்கிறேன்.

கழற்றும்போது ஒரு கவனம். மற்றதெல்லாம் மில்லிமீற்றர் கணக்கில் இருக்கும் ஜப்பான் காரில் பட்டி போல்ட் மட்டும் அங்குலக் கணக்கு: பதினாறில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. போல்ட் காணாமற் போனால் கையில் கிடைத்த மெட்ரிக் போல்டை முறுக்கிச் செருகாதேயும். உடலில் இருக்கும் புரியே போய்விடும்.

ஒறிஜினல் என்று தெரிந்தாலும் அந்தப் பட்டியைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவதை நான் ஒப்பமாட்டேன். வங்காலைக் கரையில் வெயிலில் கிடந்த நைலோன் கயிற்றை நீரும் பார்த்திருப்பீர். தூரத்துக்கு நல்ல கயிறு. கையில் உருட்டினால் மாவு மாவாய்த் தூள் ஒட்டும். அந்தக் கயிற்றில் நங்கூரம் கட்டுவாரா எவரும்? ஐம்பது வருஷம் கண்ணாடி வழியே வெயில் குடித்த பட்டியும் அந்தச் சாதிதான். பிளாஸ்ரிக்கும் வெயிலுக்குத் தப்பாது. டகாட்டா 1933-இல் ஷிகா மாகாணத்தில் நெசவோடு தொடங்கிப் பரசூட் கயிறு செய்த கம்பனி. 1960-இல் ஆசனப் பட்டிக்கு வந்தது. அவர்களுடைய பட்டிகளின் சிவப்புப் பொத்தான்கள் நொறுங்கிப் பூட்டுக்குள் விழுகின்றன என்று 1995-இல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும் அவை அப்போது பத்து வருஷம்கூட ஆகாத வண்டிகள்.

சிலர் பழைய கொக்கியை வைத்துக்கொண்டு புதுத் துணி தைத்துப் பூட்டித் தருவார்கள். ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் தைத்திருந்த துணித்துண்டு அந்த வேலையில் குப்பைக்குப் போகும், பிறகு ஒறிஜினல் என்று வாதாட உம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஓடுவதற்குப் புதிதாய் ஒரு சோடி பூட்டும். பயணி பக்கத்துப் பழசை அப்படியே கழற்றி, வெயில் படாத அலுமாரியில் துணி சுற்றி வையும்.

கழற்றியதும் வாலைப் படம் எடுத்து அனுப்பும். பளிச்சென்று விளக்கடித்து எடுக்க வேண்டாம். யன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். அதற்கு முன் சோப்புப் போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். எழுத்து இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்,
உமது ஊரவன்