ஏறின கியரில் இறங்கு!

வத்திராயிருப்பில் வேன் ஓட்டும் என் தந்தை, "மலையில ஏறின கியரிலேயே இறங்கணும்" என்பார். இயற்பியல் படிக்க வந்த பிறகே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. சுற்றுலா செல்லும் நண்பர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பிரேக் பிடிக்காமல் அங்கு நேர்ந்த விபத்துகள் பல. காரணம் என்ன? 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 1 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படும். சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது! அத்தனையையும் பிரேக்கே தாங்க நேர்ந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். அழுத்தினால் திரவம் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. தாழ்ந்த கியரிலோ எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

பிரேக் பிடிக்காவிட்டால் செய்ய வேண்டியவை:

1. எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் இறுகிவிடும்.
2. பெடலை விட்டுவிட்டு விரைவாக மிதியுங்கள்.
3. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.
4. கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள்.
5. ஹாரன் அடித்தபடி மலைச்சரிவின் உட்பக்கமாக ஒதுங்குங்கள்.

நின்றதும் சக்கரங்களுக்குக் கல் வைத்து, அனைவரையும் இறக்கிவிடுங்கள். சூடு ஆறியபின் பெடல் மீண்டும் பிடிக்கும். அதை நம்பி ஓட்டாதீர்கள். மெக்கானிக் பார்க்கட்டும்.

தந்தையின் பட்டறிவும் என் பாடநூலும் ஒன்றையே சொல்கின்றன. கேட்டு நடப்போமாக!