பாயிரம் இல்லாத கடை

அன்புள்ள தம்பி,

உன் வாட்ஸ்அப் செய்தி வந்தது. மாமாவின் மசாலைக் கடைத் தளத்துக்கு ஒரே வாரத்தில் ஐந்நூறு பேக்லிங்க் போட்டுத் தருவதாக ஒருவன் சொல்கிறான், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மூன்று நாளாக அந்த ‘வாங்கலாமா’ என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் ஒரு சண்டை. பேக்லிங்கை நீ ‘பின்னிணைப்பு’ என்று எழுதியிருக்கிறாய். பின்னிணைப்பு நூலின் கடைசியில் கிடப்பது. அட்டவணை, சொல்லடைவு வகையறா. உன் கடையை இன்னொருவர் தம் தளத்திலிருந்து சுட்டிக்காட்டுவது பின்னால் கிடக்கும் சரக்கா? நூலுக்கு முன்னால் நிற்கும் பாயிரம் அல்லவா அது! தமிழில் சொல்ல வராவிட்டால் பேக்லிங்க் என்றே எழுது, பாவமில்லை.

பாயிரம் என்று சும்மா சொல்லவில்லை. ஆறாம் படிவத்தில் நன்னூலின் அந்தப் பகுதியைத் தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போனோம், என் தவறு. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் உன் கேள்விக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். சிறப்புப்பாயிரம் சொல்ல உரியவர் யார்? நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு படித்தவன், அவன் மாணவன், தகுதியுள்ள உரைகாரன். நால்வருமே ஆளையோ நூலையோ நெருங்கி அறிந்தவர்கள். எத்தனை பேர் சொல்லவேண்டும் என்று முனிவர் கணக்கு வைக்கவில்லை, கவனித்தாயா? யார் என்பதோடு நிறுத்திக்கொண்டார். தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் சொல்லி, அதற்குச் சில விலக்குகளும் தருகிறார்: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது, இப்படி. மாமாவின் தளத்தில் ‘பினாங்கின் நம்பர் ஒன்’ என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறாயே, அதை எந்த விலக்கில் சேர்ப்பது?

1998இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளுக்காகப் பேஜ்ரேங்க் என்று எழுதியது இதற்குப் பக்கத்து வீடுதான். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பது மட்டும் போதாது. சுட்டுகிறவருக்கே என்ன மதிப்பு, அவர் இன்னும் எத்தனை பேரைச் சுட்டுகிறார் என்றும் பார்க்கவேண்டும். ஊரையே புகழ்கிறவன் வாக்குக்கு எடை குறைவு. ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் வழக்கத்திலிருந்து அவர்கள் இதைப் பிடித்தார்கள். நன்னூல் படித்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

என் கதையையும் கேள். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைப் புரட்டினால் முகப்பில் பக்கம் பக்கமாக நூலைப் புகழும் சாற்றுக்கவிகள் நிற்கும். அந்த ஆசையில் என் முதல் புத்தகத்துக்கு ஏழு பேரிடம் அணிந்துரை வாங்கினேன். ஒருவரும் புத்தகத்தைப் படிக்கவில்லை. ஒருவர் தலைப்பையே தப்பாக எழுதிக் கொடுத்தார், அப்படியே அச்சேறியது. வாங்கியவர்கள் அணிந்துரையைப் பார்த்தே சிரித்தார்கள்.

கூகுளுக்கும் சிரிக்கத் தெரியும். 2011இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னிக்குக் காசு கொடுத்து வைத்த ஆயிரக்கணக்கான லிங்குகளை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அந்தப் பெரிய கடை தேடல் முடிவுகளில் சரிந்து விழுந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பென்குவின் என்ற மாற்றம் வந்து, இப்படிச் சேர்த்தவர்களை மொத்தமாகக் கீழே தள்ளியது. மாமாவின் கடை எம்மாத்திரம்?

சரி, என்ன செய்வது? பாயிரத்தில் சொல்லவேண்டிய எட்டில் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், எல்லை மூன்றும் உண்டு. கடைக்கு அவை உரிமையாளர், கடைப் பெயர், முகவரி. நம் ஜார்ஜ்டவுனில் முகவரிதான் தலைவலி. ஒரே தெரு லெபோ பாசார், மார்க்கெட் ஸ்திரீட், பெரியவர்கள் வாயில் கடைத்தெரு. பிட் ஸ்திரீட் இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். உன் தளத்தில் ஒன்று, கூகுள் மேப்பில் ஒன்று, வர்த்தகச் சங்கக் கையேட்டில் இன்னொன்று என்று இருந்தால் மூன்றும் ஒரே கடைதான் என்று யார் சொல்வது? ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அப்படியே எழுது.

பிறகு உரியவர்களைத் தேடு. மாமா யாருக்குத் தூள் அரைத்துக் கொடுக்கிறார்? அந்த நாசி கண்டார் கடைக்குத் தளம் இருந்தால், மசாலை எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி போடச் சொல். சமையல் வகுப்பு நடத்துகிறவர், மரபு நடைக்கு ஆள் கூட்டிப் போகிறவர், வர்த்தகச் சங்கம்: இவர்களெல்லாம் மாமாவை அறிந்தவர்கள். பள்ளி விளையாட்டு நாளுக்கு நன்கொடை கொடுத்து லிங்க் வந்தால், அது காசுக்கு வந்தது என்று காட்ட, கூகுள் 2019இல் கொண்டுவந்த ‘ஸ்பான்சர்ட்’ குறியைப் போடச் சொல்லிவிடு. ‘நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன்’ என்கிற பண்டமாற்று அளவு மீறினால் அதுவும் குற்றம்தான்.

இன்னொன்று. 2008இல் யுனெஸ்கோ நம் நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து எழுதுகிறவர்கள் தெருத்தெருவாக அலைகிறார்கள். அவர்கள் சுட்டுவதற்கு உன் தளத்தில் என்ன இருக்கிறது? விலைப்பட்டியலும் போன் நம்பரும். மீன் கறித்தூளுக்கும் இறைச்சித் தூளுக்கும் மல்லியும் சோம்பும் எப்படி மாறும், எதை வறுத்து அரைப்பது, எதைப் பச்சையாக அரைப்பது என்பதெல்லாம் மாமாவின் கையில்தான் இருக்கிறது. உட்கார வைத்துக் கேட்டு எழுது. தமிழில் எழுது, மலாயிலும் எழுது.

அந்த ஐந்நூறுகாரனுக்கு இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடு. மாமாவிடம் மீன் கறித்தூள் கால் கிலோ எடுத்து வைக்கச் சொல், சனிக்கிழமை வருகிறேன்.

உன் பழைய வாத்தியார்