சிப் வைத்தால் பார்வை வருமா?

"இனிப்புநீரில் கண் போனால் என்ன? பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போனால் சிப் வைத்து, கரண்ட் கொடுத்து, பார்வையைத் திருப்பிவிடுகிறார்களாம்." ஸ்கூடாயிலும் குளுவாங்கிலும், கோயில் பந்தியிலும் வாட்ஸ்அப்பிலும் இதே பேச்சு. சுத்தப் பொய். சிங்கப்பூரில் மட்டுமல்ல, உலகில் எங்குமே இனிப்புநீரில் போன பார்வையை சிப் மீட்டுத் தருவதில்லை. இதை நம்பிக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

விழித்திரைக்கு மின்சாரம் கொடுத்தால் நரம்பணுக்கள் துடிக்கும் என்பது உண்மை. 1755இலேயே லெருவா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்வையற்ற ஒருவருக்கு மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அவருக்கு ஒளி தெரிந்தது, பார்வை திரும்பவில்லை. இன்றைய ஆராய்ச்சியும் அந்த இடைவெளியோடுதான் மல்லுக்கட்டுகிறது.

வெளிச்சம் வந்ததும் துடிக்கும் அணுக்கள் ஒரு வகை; அது மறைந்ததும் துடிப்பவை இன்னொரு வகை. மின்சாரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் உசுப்பிவிடும். மின்முனையைக் கடந்து போகிற நரம்பிழைகளையும் தூண்டுவதால், புள்ளி தெரிய வேண்டிய இடத்தில் நீண்ட கீற்று தெரியும். விடாமல் தூண்டினால் அதுவும் சில விநாடிகளில் மங்கிவிடும்.

அமெரிக்காவின் 'ஆர்கஸ் 2' கருவியில் 60 மின்முனைகள். பரம்பரை விழித்திரைச் சிதைவு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். கிடைத்த மிகச் சிறந்த பார்வையே 20/1260. நல்ல கண்ணுள்ளவர் 1260 அடியிலிருந்து காண்பதை இவர் 20 அடிக்குள் வந்துதான் காண முடியும். 2019இல் தயாரிப்பே நின்றது. பொருத்திக்கொண்டவர்கள் பழுது பார்க்க ஆளின்றித் தவித்தார்கள். 2025இல் வெளியான 'பிரிமா' சிப் ஆய்வு உண்மையிலேயே நல்ல செய்தி: ஓராண்டுக்குப் பின் சோதித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை கூடியது. ஆனால் அவர்கள் முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்கள். அவர்களுக்கு ஒளியை வாங்கும் அணுக்கள்தான் செத்திருந்தன. அடுத்த அடுக்கு உயிரோடு இருந்தது.

இனிப்புநீர் இரத்தக் குழாய்களை அடைத்து அந்த அடுத்த அடுக்கையே கெடுக்கிறது. கிளௌகோமா என்ற கண் அழுத்த நோயிலோ மூளைக்குப் போகும் நரம்பே பட்டுப்போகிறது. கம்பி அறுந்த வீட்டில் சுவிட்சைத் தட்டி என்ன பயன்?

கண்ணையே மாற்றலாமே என்பார்கள். 2023இல் நியூயார்க்கில் மாற்றினார்கள். கண் நிலைத்தது, பார்வை வரவில்லை. தானமாகப் பெறும் கண்ணிலிருந்து பார்வைக்காகப் பொருத்துவது கருவிழிப் படலத்தைத்தான். பார்வை தரும் என்று இரவுச் சந்தையில் விற்கும் அதிர்வுக் கண்ணாடியா? காசுக்குக் கேடு.

நம் மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடம்தான் அதிகம். கண்ணில் அது வேலையைத் தொடங்கும்போது வலியும் இராது, மங்கலும் இராது. விழித்திரையைப் படம் எடுத்தால்தான் தெரியும். அப்போதே பிடித்தால் லேசரும் ஊசியும் பார்வையைக் காக்கும். அரசாங்க கிளினிக்கில் அடுத்த முறை இரத்தம் சோதிக்கப் போகும்போது, கண் படமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை தவறாமல் எடுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, மகனையோ மகளையோ கூட அழைத்துப் போங்கள்.