பனி வரும் முன்னே

நம் நாட்டின் வடகோடியில் இருக்கிறது காஷ்மீர். சுற்றிலும் உயரமான மலைகள். நடுவில் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் இங்கே வானத்திலிருந்து பஞ்சு போலப் பனி விழும். வயல், கூரை, பாதை எல்லாம் வெள்ளையாகிவிடும்.

பார்ப்பதற்கு அழகுதான். அளவு மீறினால் ஆபத்து.

2018 நவம்பர் மாதம். ஆப்பிள் மரங்களில் இன்னும் இலை உதிரவில்லை. சில தோட்டங்களில் பழமும் பறித்து முடியவில்லை. அப்போது கனத்த பனி பெய்தது. இலைகளின் மேல் பனி தங்கியது. பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்தன. பல மரங்கள் பிளந்து விழுந்தன. 2019 நவம்பரிலும் இதே கதிதான். ஆப்பிள் மரம் வளர்ந்து நன்றாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு உழைப்பும் ஓரிரு நாளில் போனது.

பனியை யாராலும் தடுக்க முடியாது. ஆனால், அது வருவதை முன்பே அறியலாம். எப்படி?

மேற்கே இருந்து வரும் காற்று

மத்திய தரைக்கடல் பக்கம் காற்றில் ஒரு சுழற்சி உண்டாகிறது. அது ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கே நகர்கிறது. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் நாடுகளைக் கடந்து நம் நாட்டுக்கு வருகிறது. இதை 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள்.

ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். மேலே போகப் போகக் குளிர் அதிகம். காற்றில் உள்ள ஈரம் உறைந்து பனியாக விழும்.

இந்தக் காற்று வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில்தான் எச்சரிக்கை கொடுக்க முடிகிறது.

வானிலை அலுவலகம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தொடங்கியது. ஸ்ரீநகரில் அதன் மையம் உள்ளது. செயற்கைக்கோள் மேகங்களைப் படம் பிடித்து அனுப்புகிறது. பலூனில் கருவிகளைக் கட்டி மேலே விடுகிறார்கள். மேலே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று அவை தெரிவிக்கும். மேகம் அருகில் வந்ததும் ராடார் கருவி அதைக் காட்டும். மலைகள் ராடாரின் பார்வையை மறைக்கும். ஆகவே உயரமான இடங்களில் ராடார் வைக்கிறார்கள். 2023-இல் பனிஹால் மலை உச்சியில் ஒன்று தொடங்கப்பட்டது.

மழையா? பனியா?

இதுதான் கடினமான கேள்வி. ஒரே மேகம் ஓர் ஊரில் மழை தரும். பக்கத்து ஊரில் பனி தரும். காரணம் உயரம்.

1,000 மீட்டர் மேலே ஏறினால் குளிர் சுமார் 6 டிகிரி கூடும். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீநகரில் வெப்பம் 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குல்மார்க்கில் பூஜ்யத்துக்கும் கீழே 2 டிகிரி இருக்கும். ஸ்ரீநகரில் மழை, குல்மார்க்கில் பனி!

வானிலை அறிவிப்பு பெரும்பாலும் மாவட்டத்துக்குத்தான் வரும். நம் ஊர் மேட்டில் இருக்கிறதா, தாழ்வில் இருக்கிறதா? இதை ஊரார்தான் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வானமும் சில அடையாளம் காட்டும். நிலவைச் சுற்றி வட்டம் தெரியும். மேகம் தாழ்ந்து கனக்கும். இரவில் வழக்கமான குளிர் குறையும். மேகம் போர்வை போல மூடுவதே இதற்குக் காரணம். ஆனால் எவ்வளவு பனி விழும் என்று இந்த அடையாளங்கள் சொல்லாது. அதற்கு அறிவிப்பு வேண்டும்.

அறிவிப்பைப் படிப்போம்

எச்சரிக்கைக்கு நான்கு நிறங்கள் உண்டு.

பச்சை – பயம் இல்லை.
மஞ்சள் – கவனமாக இருங்கள்.
ஆரஞ்சு – தயாராகுங்கள்.
சிவப்பு – உடனே செயலில் இறங்குங்கள்.

உதாரணமாக, அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"ஆரஞ்சு எச்சரிக்கை. நாளை இரவு முதல் நாளை மறுநாள் மாலை வரை சோபியான், குல்காம் மாவட்டங்களின் உயரமான பகுதிகளில் கனத்த பனி பெய்யக்கூடும்."

எந்த அறிவிப்பிலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எங்கே? எப்போது? எவ்வளவு?

கையில் இருக்கும் நேரம்

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள கூரையில் ஓர் அடி உயரம் புதுப்பனி விழுந்தால் சுமார் 30 கிலோ பாரம். ஈரப்பனி என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கிளை முறிவதில் வியப்பு என்ன?

எச்சரிக்கை வந்ததும் மீதிப் பழத்தைப் பறித்துவிட வேண்டும். கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பனி விழ விழக் கழியால் மெல்லத் தட்டிவிட வேண்டும். பனி நிற்கட்டும் என்று காத்திருந்தால் கிளை காத்திருக்காது.

விறகு, அரிசி, மருந்து, மாட்டுத் தீவனம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பாதை மூடிவிட்டால் மருத்துவமனைக்குப் போக முடியாது. ஆகவே நிறைமாதக் கர்ப்பிணியை முன்பே மருத்துவமனைக்கு அருகில் தங்க வைப்பது நல்லது.

மலைச்சரிவில் இருக்கும் ஊர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து உண்டு. 2005 பிப்ரவரியில் தெற்குக் காஷ்மீரின் வால்டெங்கு நார் என்ற ஊர் மீது பனிச்சரிவு விழுந்தது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் பொருளைப் பார்க்கக் கூடாது. உயிரைக் காத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

பனி வருகிறது என்ற செய்தி இரண்டு நாள் முன்னால் வந்தால், அது இரண்டு நாள் அவகாசம். அதைப் படித்துப் புரிந்துகொள்பவருக்கே அந்த அவகாசம் கிடைக்கும். படித்தவர் பக்கத்து வீட்டுக்கும் சொன்னால் ஊருக்கே கிடைக்கும்.

விடை சொல்லுங்கள்

1. ஒரே மேகம் ஓர் ஊரில் மழையும் இன்னோர் ஊரில் பனியும் தருவது ஏன்?
2. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் ஊருக்கு எந்த வானிலை எச்சரிக்கை வரும்? அது உங்களுக்கு எப்படித் தெரிகிறது? குழுவில் பேசுங்கள்.